லண்டன் வெல்லவேண்டும்

குகதாசன் சுவிசுக்கு வந்து முப்பத்தாறு வருடம் ஆகிறது. அதில் ஏழு வருடத்தைக் கழித்துவிட வேண்டும். அந்த ஏழு வருடத்தைப் பற்றி அவரைக் கேட்டால், பிள்ளையின் படிப்புக்காக லண்டனில் இருந்த காலம் என்பார். மனைவி கலாவதியைக் கேட்டால் எழும்பிக் குசினிக்குள் போய்விடுவார். மகன் அபிசனைக் கேட்க எவருக்கும் துணிவில்லை.

உள்ளதைச் சொன்னால் மனிதர் சுவிசுக்கென்று புறப்படவேயில்லை. 1989இல் லண்டனுக்குத்தான் வெளிக்கிட்டார். ஏஜென்சிக்காரன் இத்தாலி எல்லையால் கூட்டிவந்து சூரிச் ரயில் நிலையத்தில் இறக்கிவிட்டு, "ரெண்டு கிழமை இஞ்சை நில்லுங்கோ, அடுத்த செட்டோட லண்டன்" என்றான். போனவன் போனவன்தான். இருபத்தொரு வயதுக் குகதாசன் அகதி விண்ணப்பம் கொடுத்தார், சூக் நகரத்தில் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவினார், பிறகு சூரிச்சுக்குப் பக்கத்தில் ஷ்லீரனில் ஆஸ்பத்திரிக் கட்டில் விரிப்புகளைத் தோய்த்து மடிக்கும் தொழிற்சாலையில் சேர்ந்தார். அங்கே பத்தொன்பது வருடம் வேலை செய்து, பதினான்கு பேரை மேய்க்கும் பொறுப்பாளராகவும் ஆனார். ஆனால் மனதுக்குள் அந்த இரண்டு கிழமை முடியவேயில்லை. இடையில் இறக்கிவிடப்பட்ட ஆள் என்ற எண்ணத்தோடேயே வீடு எடுத்தார், கலியாணம் கட்டினார், பிள்ளை பெற்றார், சுவிஸ் பாஸ்போர்ட்டும் வாங்கினார்.

அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. யாழ்ப்பாணத்தில் உயர்தரம் வரை படித்தவர், ஆங்கிலக் கட்டுரைப் போட்டியில் மாவட்டத்தில் முதலாவதாக வந்தவர். அப்படிப்பட்டவரின் வாயில் ஜெர்மன் ஏறவேயில்லை. ஆங்கிலத்தில் அவர் ஒரு மனிதர், ஜெர்மனில் தலையாட்டும் பொம்மை. எவர் என்ன சொன்னாலும் "யா, யா" என்பார், ஓம் ஓம் என்று. அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஒரு நாட்டில் கால் நூற்றாண்டு ஓட்டிய கெட்டிக்காரர்.

அவருடைய தம்பி நித்தியானந்தன், அண்ணன் வந்து மூன்று வருடம் கழித்து வெளிக்கிட்டார். அதே ஏஜென்சிக்காரன், அதே பாதை. தம்பியை மட்டும் சரியாக லண்டனில் கொண்டுபோய் இறக்கினான். இதைக் குகதாசன் இன்றுவரை மன்னிக்கவில்லை. ஏஜென்சிக்காரனையா தம்பியையா என்று கேட்டால் அவருக்கே தெரியாது.

ஒவ்வொரு ஞாயிறும் தம்பி தொலைபேசி எடுப்பார். முதலில் சுகம் விசாரிப்பு, பிறகு போட்டி. அண்ணன் சம்பளத்தைச் சொல்வார், தம்பி வாங்கின வீட்டைச் சொல்வார். அண்ணன் ரயில் நிமிடம் தவறாமல் வருவதைச் சொல்வார், தம்பி கோயில் நடந்துபோகும் தூரத்தில் இருப்பதைச் சொல்வார். கடைசியில் தம்பி பிள்ளையை இறக்குவார். "மகன் மெடிசினுக்குத்தான் போவான் போல கிடக்கு, அண்ணை." அதோடு அன்றைய ஆட்டம் முடிந்துவிடும். நம்முடைய சனத்துக்குப் பிள்ளை என்றால் டொக்டர், எஞ்சினியர், எக்கவுண்டன்ட். நாலாவதாக ஒரு தொழில் இந்த உலகத்தில் இருக்கிறது என்பதை, தண்ணீர்க் குழாய் உடைந்து வீடு வெள்ளக்காடான பிறகுதான் ஒத்துக்கொள்வோம்.

அபிசன் கெட்டிக்காரன் இல்லை என்று சொல்லமுடியாது. ஆனால் கொப்பி புத்தகம் அவனுக்கு ஒத்துவரவில்லை. அந்த நாட்டில் பன்னிரண்டு வயதில் பிள்ளைகளைத் தரம் பிரித்துவிடுவார்கள். அவனை இரண்டாம் தரமான செக் பி வகுப்பில் போடலாம் என்று ஆசிரியை சொன்னார். தகப்பன் "யா, யா" என்றார். படிப்பிக்கிற ஆளை எதிர்த்துக் கதைக்கக்கூடாது என்று வளர்ந்த மனிதர். அன்றைக்கு அவர் வாய் திறந்து இரண்டு கேள்வி கேட்டிருந்தால் வேறு மாதிரி நடந்திருக்குமோ தெரியாது. ஞாயிற்றுக்கிழமை தம்பி கேட்டபோது மட்டும் வாய் திறந்தது. "இஞ்சை எங்கட பிள்ளையளை மேல வர விடமாட்டாங்கள்" என்று நாட்டின் மேல் பழியைப் போட்டார்.

பதினான்கு வயதில் அபிசன் ஒரு கிழமை வேலை பழகப் போனான். சுவிசில் லேர என்று ஒன்று உண்டு. மூன்று நான்கு வருடம் ஒரு முதலாளியிடம் சம்பளத்தோடு தொழில் பழகி, வாரத்தில் ஒன்றிரண்டு நாள் பள்ளிக்கூடமும் போய், கடைசியில் சோதனை எழுதிப் பத்திரம் எடுப்பது. அந்த நாட்டில் மூன்றில் இரண்டு பேர் அப்படித்தான் ஆளாகிறார்கள். அபிசன் போனது பிரன்னர் என்பவருடைய தண்ணீர்க் குழாய் பொருத்தும் நிறுவனத்துக்கு. ஒரு கிழமையும் விரலெல்லாம் காயத்தோடு வந்தான், வந்து சாப்பாட்டு மேசையில் இருந்து மூன்று மாடிக் கட்டடத்துக்குத் தண்ணீர் எப்படி ஏறுகிறது என்று தாய்க்குப் படம் கீறிக் காட்டினான். அவன் அவ்வளவு கதைத்து கலாவதி அதற்கு முன்னர் கேட்டதில்லை.

பிரன்னருக்குப் பெடியனைப் பிடித்துவிட்டது. நவம்பரில் ஒப்பந்தம் தபாலில் வந்தது. பதினெட்டு வயதாகாதபடியால் தகப்பனின் கையெழுத்தும் வேண்டும். அபிசன் தன் பெயரை எழுதி, பேனையைக் கடதாசியின் மேலேயே வைத்துவிட்டுப் படுக்கப் போனான்.

குகதாசன் கையெழுத்து வைக்கவில்லை. வைக்கமாட்டேன் என்றும் சொல்லவில்லை. அங்கேதான் விஷயமே இருக்கிறது. நம்முடைய ஆட்களுக்கு முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல வராது, அது மரியாதையீனம். பிரன்னர் தொலைபேசி எடுத்தார். "யா, யா" என்றார் குகதாசன். டிசம்பரில் அந்த மனிதர் வீட்டுக்கே வந்துவிட்டார். கலாவதி ரோல்ஸ் பொரித்து, தேத்தண்ணி போட்டுக் கொடுத்தார். பிரன்னர் நான்கு ரோல்ஸ் சாப்பிட்டார், பெடியனைப் புகழ்ந்தார், ஒப்பந்தம் எப்போது வரும் என்று கேட்டார். "பால்ட், பால்ட்" என்றார் குகதாசன், கெதியில் என்று. சுவிஸ்காரனுக்கு ஆம் என்றால் ஆம். அந்த அப்பாவி மூன்று மாதம் இடத்தை வேறு ஒருவருக்கும் கொடுக்காமல் வைத்துக்கொண்டிருந்தார். மார்ச்சில் அவரிடமிருந்து இரண்டு வரியில் ஒரு கடிதம் வந்தது. இடத்தை வேறு பெடியனுக்குக் கொடுத்துவிட்டதாகவும், தனக்குக் கவலை என்றும் எழுதியிருந்தார்.

கடிதத்தைப் பிரித்தது அபிசன்.

"ஏனப்பா?" என்று கேட்டான்.

"உன்ர நன்மைக்குத்தானடா. லண்டன் போவம். அங்கை சித்தப்பா பள்ளிக்கூடம் பாத்து வைச்சிருக்கிறார். டொக்டரா வராட்டியும் ஒரு டிகிரி எடுக்கலாம்."

அபிசன் வேறு ஒன்றும் கேட்கவில்லை. அதைச் சம்மதம் என்று குகதாசன் எடுத்துக்கொண்டார். 2015 ஆடியில் பத்தொன்பது வருட வேலையை எழுதிக்கொடுத்துவிட்டு, வீட்டை ஒப்படைத்துவிட்டு, மூன்று பேரும் லண்டனுக்குப் போனார்கள். இருபத்தாறு வருடம் பிந்தி என்றாலும் போய்ச் சேர்ந்தாயிற்று என்று குகதாசனுக்கு விமானத்தில் நெஞ்சு நிறைந்திருந்தது.

லண்டன் அவருக்காகக் காத்திருக்கவில்லை. அவர் தூக்கிக்கொண்டு திரிந்த ஆங்கிலத்தை அங்கே தெருவில் போகிற எல்லோரும் வைத்திருந்தார்கள். பெட்ரோல் நிலையமொன்றில் காசாளராக நின்றார். கலாவதி யாரோ ஒருவரின் வீட்டுக்குச் சமைக்கப் போனார். பதினைந்து வயதில் புது வகுப்பில் கொண்டுபோய் இருத்தப்பட்ட அபிசனின் ஆங்கிலத்தைக் கேட்டுப் பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பிறகு அவன் கதைப்பதைக் குறைத்துக்கொண்டான். தட்டுத்தடுமாறி ஒரு சோதனை, திரும்ப ஒரு சோதனை, ஒருவரும் கேள்விப்படாத ஒரு பல்கலைக்கழகத்தில் வணிக முகாமைத்துவம் என்று மூன்று வருடம். கறுப்பு அங்கியோடு எடுத்த படம் ஒன்று மிஞ்சியது. அந்தப் பட்டத்தோடு ஒரு வருடம் தொலைபேசிக் கடையில் நின்றான். தம்பியின் மகன் அதற்குள் டொக்டராகிவிட்டான் என்பதைச் சொல்லவும் வேண்டுமா!

கலாவதிதான் ஒருநாள் பெட்டியைக் கட்டினார். "நான் போறன். வாறவை வாங்கோ" என்றார். 2022இல் மூன்று பேரும் ஷ்லீரனுக்குத் திரும்பினார்கள்.

திரும்பி வந்தால் எல்லாம் அப்படியே இருக்கும் என்று நினைத்தார் குகதாசன். தொழிற்சாலை இருந்தது. ஆனால் புதிய ஆளாக, ஒப்பந்தக்காரன் மூலமாக, அடிச் சம்பளத்துக்கு. இப்போது அவருக்குப் பொறுப்பாளர், அவரே ஒருகாலத்தில் விரிப்பு மடிக்கக் காட்டிக்கொடுத்த போர்த்துக்கல் பெண். அவள் நல்லவள், மரியாதையாகத்தான் நடத்தினாள். அதுதான் இன்னும் சுட்டது. அபிசன் நூற்றுக்கு மேல் விண்ணப்பம் போட்டான். லண்டன் பட்டத்தை எடுத்துப் பார்த்தவர்கள், இங்கே எந்த லேர முடித்தாய் என்று கேட்டார்கள். நேர்முகத் தேர்வில் அவன் கதைத்த சுவிஸ் ஜெர்மன் பதினைந்து வயதில் நின்றுபோன பாஷை, பள்ளிக்கூட முற்றத்தில் பெடியள் கதைக்கும் பாஷை. வேலை முகவர் நிலையத்தில் இருந்தவள் கணினியில் அவன் பெயருக்கு நேரே "உங்கெலேர்ன்ட்" என்று குறித்தாள், தொழில் பழகாதவன் என்று. அன்றிலிருந்து பொதிகள் பிரிக்கும் நிலையத்தில் விடிய நான்கு மணி வேலை. இருபத்தைந்து வயது. தகப்பனோடு அவன் சண்டை பிடிக்கவில்லை, கோபிக்கவில்லை. கார்த் திறப்பு எங்கே, சாப்பிட்டாயிற்று, தபால் வந்திருக்கிறது. மூன்று வருடமாக அந்த வீட்டில் இருவருக்கும் இடையில் கதை இவ்வளவுதான். திட்டினாலாவது பரவாயில்லை என்று குகதாசன் ஏங்கினார். அவன் திட்டவில்லை.

இந்த நிலையில்தான் ஹரிஷா தொலைபேசி எடுத்தாள். சுவிசில் பிறந்த பிள்ளை, ஃப்ரிபூர்க் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்கிறாள். ஒரே வீட்டில் பிறந்து, ஒருவர் சுவிசுக்கும் ஒருவர் இங்கிலாந்துக்கும் போன சகோதரர்களின் குடும்பங்களை ஒப்பிடுகிறாள். படிப்பு, தொழில், வருமானம், வீடு, அடுத்த தலைமுறை என்று எல்லாம் கேட்பாள். லண்டனில் நித்தியானந்தன் பதில் கொடுத்துவிட்டார். அண்ணனின் இலக்கத்தைக் கொடுத்ததும் அவர்தான்.

குகதாசனுக்கு இருட்டுக்குள் ஒரு கதவு திறந்த மாதிரி இருந்தது. அவர் நினைத்தது இதுதான். பல்கலைக்கழகத்து ஆராய்ச்சி, எழுத்தில் வரும், எவரும் மறுக்கமுடியாது. அதில் லண்டன் தமிழர்தான் முன்னுக்கு நிற்கிறார்கள் என்று வந்துவிட்டால், அவர் அன்றைக்குச் செய்தது சரி. பிறகு நடந்தது கெட்ட காலம், கொரோனா, கலாவதியின் அவசரம். அந்தக் கடதாசியை மகனுக்கு முன்னால் வைத்து, பார், அப்பா உனக்குக் கெடுதல் செய்யவில்லை என்று சொல்லலாம். சுவிஸ் முன்னுக்கு வந்துவிட்டால் சொல்ல ஒன்றுமில்லை. ஆகவே லண்டன் வெல்லவேண்டும். வாழ்நாளெல்லாம் தம்பியோடு போட்டி போட்ட மனிதர், தம்பி வெல்லவேண்டும் என்று கோயிலில் நின்று கும்பிட்டார்.

ஹரிஷா வந்த அன்றைக்கு அயர்ன் பண்ணின சேர்ட் போட்டுக்கொண்டு மேசையில் இருந்தார்.

"தம்பி என்ன சொன்னவர், பிள்ளை?" என்று முதலிலேயே கொக்கி போட்டுப் பார்த்தார்.

"அது சொல்லக்கூடாது அங்கிள்."

"இல்லை, சும்மா, வீட்டைப் பற்றி ஏதும்..."

"அங்கிள், முதல் கேள்வி. நீங்கள் எத்தினையாம் ஆண்டு வந்தனீங்கள்?"

வந்த ஆண்டு, வேலை, வாடகை என்று கேள்விகள் போயின. மகன் என்ன செய்கிறார் என்ற இடம் வந்தது.

"லொஜிஸ்டிக்ஸ். மனேஜ்மென்ட் சைட்" என்றார் குகதாசன்.

குசினி வாசலில் நின்ற கலாவதி, "பார்சல் தூக்கிறான், பிள்ளை. அதையே எழுதுங்கோ" என்றார்.

ஹரிஷா தலை நிமிராமல் எழுதினாள். ஏன் லண்டனுக்குப் போனீர்கள் என்பது கடைசிக் கேள்வி.

"பிள்ளையின்ர படிப்புக்கு. வேறென்னத்துக்கு?"

நான்கு மாதம் அவர் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருந்தார். தபால் பெட்டியைக் காலையும் மாலையும் திறந்து பார்த்தார். ஹரிஷா கடைசியில் தானே வந்தாள். முடிவுகளைப் பங்குபற்றிய குடும்பங்களுக்கு நேரில் காட்டுவது தன் வழக்கம் என்றாள். ஒரு வியாழக்கிழமை பின்னேரம். அபிசனும் இருக்கவேண்டும் என்று குகதாசன்தான் கலாவதி மூலமாகச் சொல்லிவிட்டார். அவன் வேலை உடுப்போடேயே வந்து, மேசையின் ஒரு ஓரத்தில் இருந்தான்.

ஹரிஷா இரண்டு தாளை விரித்தாள். இடது பக்கம் சுவிஸ், வலது பக்கம் இங்கிலாந்து.

"அப்ப ஆர் வெண்டது?" என்றார் குகதாசன்.

"வெற்றி தோல்வி எண்டு இல்லை அங்கிள். இருபத்தினாலு சோடிக் குடும்பம்தான், இதை வைச்சுப் பெரிசா ஒண்டும் சொல்லேலாது. நான் கண்ட ஆக்களுக்குள்ள லண்டன் பக்கம் டிகிரி கூட, சொந்த வீடும் கூட. இஞ்சத்தைப் பக்கம் லேர முடிச்ச பிள்ளையள் கெதியா வேலைக்குப் போயிருக்கினம், படிச்ச தொழிலையே செய்யினம், கையில வாறதும் குறைவில்லை. ரெண்டும் ரெண்டு பாதை. எந்தப் பாதையில போனாலும் கடைசிவரை போன ஆக்கள் நல்லாத்தான் இருக்கினம்."

குகதாசன் அதில் பாதியைத்தான் காதில் வாங்கினார். "பாத்தியோ? டிகிரி லண்டன் பக்கம்தான் கூட" என்று மகனைப் பார்த்தார். மூன்று வருடத்தில் அவனோடு அவர் நேரே கதைத்த முதல் நீளமான வசனம் அதுதான்.

அபிசன் தாள்களைத் தன் பக்கம் இழுத்து மேலிருந்து கீழே பார்த்தான். "இதில நான் எது?" என்று ஹரிஷாவிடம் கேட்டான்.

ஹரிஷாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "உங்களைப் போடேலாமப் போச்சு. லேர இல்லாதபடியால் இந்தப் பக்கம் வராது. படிச்சது அங்கை, வேலை இஞ்சை, அதால அந்தப் பக்கமும் குழம்புது. ரெண்டு பக்கமும் சேராத ஆக்களை எடுத்துவிடச் சொல்லிப் பேராசிரியர் சொன்னவர். அம்மா அப்பாவின்ர விபரம் இருக்கு."

அபிசன் சிரித்தான். வாய்விட்டு, தோள் குலுங்கச் சிரித்தான். அந்தச் சிரிப்பைக் கேட்டு நல்ல செய்திதான் ஏதோ வந்துவிட்டது என்று நினைத்த கலாவதி, தானும் சிரித்தபடி தேத்தண்ணித் தட்டோடு வெளியே வந்தார். வந்து மூன்று பேருடைய முகத்தையும் பார்த்துவிட்டு அப்படியே நின்றார்.

குகதாசன் இரண்டு தாளையும் மாறி மாறிப் பார்த்தார். வென்றவர்கள் பக்கத்திலும் மகன் இல்லை, தோற்றவர்கள் பக்கத்திலும் இல்லை. எடுத்துவிட்டார்கள். அவனை முதலில் எடுத்துவிட்டது யார் என்பது அவருக்குத் தெரியாத விஷயமல்ல.

"பிள்ளை, எழுதுங்கோ" என்றார். "ஏன் லண்டன் போனது எண்டு கேட்டனீங்கள். நான் பொய் சொன்னனான். படிப்புக்கு இல்லை. என்ர தம்பி ஒவ்வொரு ஞாயிறும் எடுப்பான். என்ர மகன் பைப் பூட்டப் பழகிறான் எண்டு அவனுக்குச் சொல்ல எனக்கு வெக்கமா இருந்தது. அவ்வளவுதான். வேற ஒரு காரணமும் இல்லை."

ஹரிஷா பேனையை எடுக்கவில்லை. "இனி ஒண்டும் சேர்க்கேலாது அங்கிள். எல்லாம் மூடியாச்சு" என்றாள் மெதுவாக.

அவர் மகனைப் பார்த்தார். பத்து வருடமாக மறைத்துவைத்திருந்ததைச் சொல்லிவிட்டார். இனி அவன் திட்டட்டும், அழட்டும், ஏதாவது செய்யட்டும்.

"தெரியும்" என்றான் அபிசன். "எனக்கு அப்பவே தெரியுமப்பா. சித்தப்பாவோட நீங்கள் கதைச்சது என்ர அறைக்குக் கேட்டது."

"தெரிஞ்சும் ஏனடா ஒரு வார்த்தை..."

"லண்டன் போய் ஒரு வருஷத்தில பிரன்னர் எனக்கு எழுதினவர். எடுத்த பெடியன் விட்டிட்டுப் போட்டானாம். இடம் இருக்கு, வா எண்டு. அறையும் பாத்துத் தாறன் எண்டு எழுதியிருந்தார்."

கலாவதி தட்டை மேசையில் வைத்தார். இது அவருக்கும் தெரியாது.

"எனக்கு நீ சொல்லேல்லையே! என்னட்டைக் காட்டியிருக்கலாமே!" குகதாசன் எழும்பிவிட்டார்.

"எனக்குப் பதினாறு வயசு. அதுக்கும் உங்கட கையெழுத்து வேணும்." அபிசனின் குரலில் கோபம் இல்லை. "காட்டியிருந்தா வைச்சிருப்பீங்களோ அப்பா?"

குகதாசன் வாயைத் திறந்தார். ஓம் என்று சொன்னால் போதும், மகன் முகத்தில் ஏதாவது மாறும் என்று தோன்றியது. ஆனால் அந்த வருடம் ஆடியில் தம்பியின் வீட்டு விருந்தில், மகன் அடுத்தது எக்கவுண்டன்சி செய்யப்போகிறான் என்று தான் நாற்பது பேருக்கு முன்னால் சொன்னது அவருக்கு நினைவு வந்தது. வைத்திருக்கமாட்டார். அது அவருக்குத் தெரிந்தது, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த எல்லோருக்கும் தெரிந்தது.

அபிசன் பதிலுக்காகக் கொஞ்ச நேரம் உண்மையாகவே காத்திருந்தான். பிறகு, விடிய மூன்று மணிக்கு எழும்பவேண்டும் என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனான்.